மருத்துவப் பதிவுகளோடு வேலை செய்வோருக்கான அறநெறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த் பக்கமும் மருத்துவமனை, கிளினிக், ஆய்வுக்கூடம், மருத்துவ மென்பொருள் நிறுவனம் என்று வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் என்னிடம் கேட்டுவரும் கேள்விகள் இவை. படிக்கும்போது தரவுத்தளம் சொல்லித் தருகிறார்கள், நிரல் எழுதச் சொல்லித் தருகிறார்கள். அந்தத் தரவுத்தளத்தில் கிடப்பது ஒருவரின் கருச்சிதைவு, மனநோய், எச்ஐவி என்று வரும்போது எப்படி நடந்துகொள்வது என்பதைப் பலரும் வேலைக்கு வந்த பிறகுதான் எதிர்கொள்கிறார்கள். இது சட்ட ஆலோசனை அல்ல. சிக்கலான விஷயத்துக்கு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பதிவு முகப்பில் பெயர் எழுதும் சாதாரண வேலைதான் எனக்கு. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பொருந்தும். நோயாளியின் தகவலை வாங்குபவர், திருத்துபவர், நோய்க் குறியீடு போடுபவர், எக்ஸ்ரே படச் சேமிப்பைக் கவனிப்பவர், பாயான் லெப்பாஸில் உட்கார்ந்து கிளினிக் மென்பொருள் எழுதுபவர், காப்புறுதிக் கோரிக்கையைச் சரிபார்ப்பவர் எல்லாரும் இதில் அடக்கம்.

1999இல் செலாயாங் மருத்துவமனை காகிதமில்லா மருத்துவமனையாகத் தொடங்கியது. பழைய முறையில் ஒரு நோயாளியின் கோப்பு பதிவறையில் ஒரே இடத்தில் இருக்கும். வேண்டுமென்றால் ஓர் ஆள் நடந்துபோய்க் கையெழுத்துப் போட்டு எடுத்து வர வேண்டும். இப்போது அதே கோப்பு வார்டிலும் மருந்தகத்திலும் கணக்குப் பிரிவிலும் ஒரே நேரத்தில் திறக்கிறது. நோயாளிக்குத் தெரிந்த முகங்கள் மருத்துவரும் தாதியும்தான். நாமெல்லாம் அவர் கண்ணில் படாதவர்கள். அவர் நம்மைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை, நம்மைக் கேள்வி கேட்க அவருக்கு வழியும் இல்லை. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது: சம்பளம் கொடுப்பது யாராக இருந்தாலும், நம் முதல் கடமை அந்த நோயாளிக்கு.

மருத்துவருக்கு மலேசிய மருத்துவ மன்றம் இருக்கிறது. தாதிக்கும் வாரியம் இருக்கிறது. எங்களுக்கு என்ன இருக்கிறது?

தவறு செய்தால் பறித்துக்கொள்ள நமக்கு உரிமம் எதுவும் இல்லை. ஆனால் எழுதப்பட்ட நெறி உண்டு. அனைத்துலக மருத்துவத் தகவலியல் சங்கம் 2002இல் ஓர் அறநெறித் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. 2016இல் அதைத் திருத்தியது. அதை உருவாக்கியதில் முதன்மையானவர் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் ஐக்-ஹென்னர் குளூகே. அமெரிக்க மருத்துவத் தகவலியல் சங்கத்துக்கும் தனி நெறித் தொகுப்பு இருக்கிறது.

குளூகே எழுதியதன் சாரம் இது. தன்னைப் பற்றிய தகவலை யார் வாங்கலாம், எங்கே வைக்கலாம், யாருக்குத் தரலாம் என்பதில் நோயாளிக்கு அடிப்படை உரிமை உண்டு. தகவல் சேர்க்கப்படுவதை அவருக்குத் தக்கபடி தெரிவிக்க வேண்டும். சேர்த்ததைப் பாதுகாக்க வேண்டும். அவர் தன் பதிவைப் பார்க்கவும் பிழையைத் திருத்தவும் வழி இருக்க வேண்டும். பிறர் நலனுக்காக அந்த உரிமையில் கைவைக்க நேர்ந்தால் நியாயமான காரணம் வேண்டும், அதையும் ஆகக் குறைந்த அளவில் செய்ய வேண்டும், பிறகு அதற்குப் பதில் சொல்லவும் தயாராக இருக்க வேண்டும்.

கடைசிப் பகுதிக்கு நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு டிங்கி. 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி டிங்கி நோயாளியைப் பற்றிச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தாக வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் அறிவிப்பது நடைமுறை. நோயாளியின் சம்மதம் அங்கே தேவையில்லை. ஏனென்றால் அவர் வீட்டைச் சுற்றிக் கொசு மருந்து அடிக்காவிட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளை படுக்கும். ஆனால் மருந்தடிக்க வருபவருக்கு வேண்டியது முகவரியும் காய்ச்சல் தொடங்கிய தேதியும். அந்த நோயாளி ஐந்து வருடத்துக்கு முன்னால் மனநலப் பிரிவுக்குப் போனது அவருக்கு எதற்கு? அறிக்கைப் படிவத்தை வடிவமைப்பவர் முழுப் பதிவையும் இணைத்து அனுப்பும்படி நிரல் எழுதினால், சட்டம் கேட்காததையும் சேர்த்துக் கொடுத்தவர் ஆகிறார்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே. அதைப் பின்பற்றினால் போதாதா?

போதாது. ஆனால் முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2010இல் நிறைவேறி 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. உடல்நலம், மனநலம் பற்றிய தகவலை உணர்வுமிகு தகவல் என்று தனியே வைத்து, வெளிப்படையான சம்மதம் கேட்கிறது. 2024இல் திருத்தம் வந்தது. தகவல் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை, சிறை 3 ஆண்டு வரை உயர்ந்தது. 2025 ஜூன் 1 முதல் தகவல் கசிவைத் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிப்பது கட்டாயம். 10,000 பேருக்கு மேல் உணர்வுமிகு தகவல் வைத்திருக்கும் நிறுவனம் தகவல் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். ஓரளவு பெரிய தனியார் மருத்துவமனை எதுவும் அந்த எண்ணிக்கையை எளிதில் தாண்டிவிடும்.

இனி, அந்தச் சட்டம் எட்டாத இடம். கூட்டரசு அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் அது பொருந்தாது. தனியார் மருத்துவமனைப் பதிவு அதன்கீழ் வருகிறது. அரசாங்க மருத்துவமனைப் பதிவு வரவில்லை. நம் மக்களில் எத்தனை பேர் ஜாலான் ரெசிடென்சியிலுள்ள பினாங்கு மருத்துவமனையிலும் செபராங் ஜெயா மருத்துவமனையிலும் நம்பர் எடுத்துக் காத்திருக்கிறார்கள்! அவர்களுடைய தகவலுக்கு மதிப்பு குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? மருத்துவ மன்றத்தின் ரகசியக் காப்பு நெறி மருத்துவர்களைக் கட்டுப்படுத்துகிறது. கணினிப் பிரிவில் இருக்கும் உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் மனச்சாட்சியும் துறை நெறியும். சட்டம் நின்றுவிடும் இடத்தில் நெறி தொடர்வதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை எங்கள் மருத்துவமனைக்குத்தான் வருகிறாராம். "இனிப்பு நீர் ஏதாவது இருக்கா, ஒரு தடவை பார்த்துச் சொல்லேன்" என்று சித்தி கேட்கிறார். என்ன செய்வது?

திறக்காதீர்கள். பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் சொல்லலாம், இருந்தால் வாயை மூடிக்கொள்ளலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். திறந்த நொடியிலேயே மீறல் நடந்துவிடுகிறது. மேலும், இத்தனை நாளும் பதில் சொன்னவர் ஒருநாள் சொல்லாமல் இருந்தாலே அதுவும் ஒரு பதில்தான்.

இந்தக் கேள்வி வேறு எதையும்விட அதிகமாக வருகிறது. பினாங்கில் தமிழர்கள் நெருக்கமாக வாழும் சமூகம். கோயில், தமிழ்ப்பள்ளி, தோட்டத்துப் பழக்கம் என்று எப்படியாவது ஒருவருக்கொருவர் தெரிந்திருக்கும். வார்டில் படுத்திருக்கும் அம்மா உங்கள் அத்தையோடு பால்மரம் வெட்டியவராக இருப்பார். கேட்பவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. பெண்ணின் வாழ்க்கையை நினைத்துத்தான் சித்தி கேட்கிறார். அதனால்தான் மறுப்பது கடினம்.

சித்தியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "என்னால முடியாது சித்தி. நாளைக்கு உங்க பதிவை யாராச்சும் கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன். ரெண்டு வீட்டிலயும் பேசி, பையனும் பொண்ணும் சேர்ந்தே ரத்தப் பரிசோதனை பண்ணிக்கட்டும், எந்தக் கிளினிக்னு நானே சொல்றேன்." இரண்டு பேரும் அறிந்து, இரண்டு பேரும் சம்மதித்துச் செய்யும் சோதனையில் யாருடைய மானமும் போவதில்லை.

பயத்தால் நேர்மையாக இருக்கச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒழுங்கான மருத்துவமனை அமைப்பில் யார், எந்தக் கணினியிலிருந்து, எத்தனை மணிக்கு, யாருடைய பதிவைத் திறந்தார் என்பது பதிவாகிறது. 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதியில்லாமல் கணினித் தரவைத் திறப்பதே குற்றம். உங்கள் கடவுச்சொல்லைச் சக ஊழியருக்குக் கொடுத்து அவர் திறந்தாலும், ஏட்டில் ஏறுவது உங்கள் பெயர்.

உள்ளே இருப்பவர் வழியாக வெளியேறும் தகவல் என்ன செய்யும் என்பதைச் சிங்கப்பூர் 2019 ஜனவரியில் பார்த்தது. எச்ஐவி உள்ள 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்தன. யாரும் சுவரேறிக் குதிக்கவில்லை. அந்தப் பதிவேட்டைப் பார்க்க அதிகாரம் பெற்றிருந்த ஒரு மருத்துவரின் துணைவர் கையில் அது போய்ச் சேர்ந்திருந்தது.

என் சொந்தப் பதிவை, என் பிள்ளையின் பதிவை நானே திறந்து பார்க்கலாமா?

கூடாது. வெளியில் இருக்கும் ஒருவர் விண்ணப்பிக்கும் அதே வழியில் நீங்களும் விண்ணப்பியுங்கள்.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்று மகனுடைய கைப்பேசி எண்ணைப் பதிவு செய்கிறார்கள். அதில் சிக்கல் உண்டா?

உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. சந்திப்பு நேரம், பரிசோதனை முடிவு, கட்டணச் செய்தி எல்லாம் அந்த எண்ணுக்குப் போகும். அம்மாவின் கண் பரிசோதனை என்றால் மகனுக்குத் தெரிவதில் ஒன்றுமில்லை. கணவரின் எண்ணைக் கொடுத்த ஒரு பெண் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனைக்கு வந்திருந்தால்? அடிபட்டு வந்து, அடித்தவரின் எண்ணையே கொடுத்திருந்தால்?

"தொடர்பு எண்" என்று ஒரே பெட்டியை வைப்பது நம் வடிவமைப்புக் குறை. அது யாருடைய எண் என்று ஒரு பெட்டி, எந்த மாதிரிச் செய்தி அனுப்பலாம் என்று இன்னொரு பெட்டி இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். செய்தியிலேயே துறையின் பெயர் வரக் கூடாது. "நாளை காலை 9 மணிக்கு உங்களுக்குச் சந்திப்பு உள்ளது" என்பது போதும். "தொற்றுநோய் கிளினிக்" என்று சேர்த்தால் பூட்டிய திரையிலேயே எல்லாரும் படித்துவிடுவார்கள்.

மருத்துவர்கள் எக்ஸ்ரே, இசிஜி படங்களைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். தடுக்க வேண்டுமா?

நடு இரவில் மாரடைப்போடு வந்தவரின் இசிஜியை வீட்டிலிருக்கும் நிபுணருக்கு அனுப்பும் மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். உயிர் போகும் நேரம் அது. ஆனால் அந்தப் படத்தின் மூலையில் பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் இருக்கிறது, குழுவில் வேலையை விட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள், படம் அத்தனை பேர் கைப்பேசியிலும் தானாகச் சேமிக்கப்படுகிறது, அங்கிருந்து குடும்பப் படங்களோடு மேகச் சேமிப்புக்கும் போகிறது.

மருத்துவர்கள் புலனத்துக்குப் போவது ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் நாம் கொடுத்த அமைப்பு மெதுவாக இருக்கிறது, அல்லது வீட்டிலிருந்து திறக்க முடியவில்லை. தடைச் சுற்றறிக்கை அனுப்புவதற்கு முன்னால் வேகமான, பாதுகாப்பான மாற்று வழியைக் கொடுப்பது நம் வேலை. அதுவரை பெயரை வெட்டிவிட்டு அனுப்பும்படியும், வேலை முடிந்ததும் அழிக்கும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்குத் தரவு கேட்கிறார்கள். பெயரை நீக்கிக் கொடுத்துவிட்டால் சரிதானே?

பெயர் போன பிறகும் ஆள் அங்கேயே இருக்கலாம். லத்தான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 1990களில் மாசசூசெட்ஸ் மாநிலம் பெயர் நீக்கி வெளியிட்ட மருத்துவமனைத் தரவை எடுத்து, வாக்காளர் பட்டியலோடு பொருத்தி, அப்போதைய ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே கண்டுபிடித்தார். பிறந்த தேதி, பால், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இந்த மூன்றும் சேர்ந்தாலே அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்பிருக்கிறது என்று 2000இல் கணக்கிட்டுச் சொன்னார்.

நம் நாட்டில் இது இன்னும் எளிது. ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஸ்வீனி பயன்படுத்தியது போன்ற மூன்று விவரங்களை நாம் ஒரே எண்ணில் கோத்து வைத்திருக்கிறோம்.

"ஐசி எண்ணை ஹாஷ் செய்துவிட்டேன், இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது" என்று இளம் நிரலர்கள் நம்பிக்கையோடு சொல்வார்கள். ஹாஷ் என்பது ஓர் எண்ணை நேராகத் திருப்பி வாசிக்க முடியாத எழுத்துக்கோவையாக மாற்றும் கணக்கு. இருக்கக்கூடிய தேதிகள் எத்தனை, இடக் குறியீடுகள் எத்தனை, மிச்சமிருப்பது நான்கே இலக்கம். சாத்தியமான எல்லா ஐசி எண்களையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய கணினிக்குக் கொஞ்ச நேர வேலை. ரகசியச் சாவி சேர்க்காத ஹாஷ் இங்கே பாதுகாப்பே இல்லை. ஆய்வுக்கென்று தொடர்பில்லாத புதிய எண் கொடுத்து, இணைக்கும் பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள்.

சிறிய சமூகத்துக்கு இன்னொரு கவனம் வேண்டும். நிபோங் திபால், இந்தியர், பெண், 52 வயது, லூபஸ் நோய் என்று ஒரு வரி போதும். அந்தப் பக்கத்துக்காரர்கள் வீட்டு எண்ணையே சொல்லிவிடுவார்கள். வயதை ஐந்து அல்லது பத்து வருடப் பிரிவாக்குங்கள், மாவட்டங்களைச் சேர்த்துவிடுங்கள், ஒரே மாதிரி விவரம் கொண்டவர்கள் ஒரு சிலர்கூட இல்லாத வரிகளை வெளியே விடாதீர்கள். இனம் என்ற பத்தி அந்த ஆய்வுக்குத் தேவையா என்று கேளுங்கள். தேவைப்படும் ஆய்வுகள் உண்டு, கீழே சொல்கிறேன். சுகாதார அமைச்சின் மருத்துவமனைத் தரவு என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, மருத்துவ ஆய்வு, அறநெறிக் குழுவின் ஒப்புதல் வந்த பிறகே எதையும் எடுங்கள்.

பெயரைத் தவறாகத் தட்டுவது அறநெறிக் குற்றமா?

ஒரு தட்டச்சுப் பிழையை யாரும் குற்றம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் பிழை நடந்தே தீரும்படி அமைத்த படிவத்துக்கு யாரோ பொறுப்பேற்க வேண்டும்.

வெளிநாட்டு மென்பொருள் "முதல் பெயர்", "குடும்பப் பெயர்" என்று இரண்டு பெட்டி கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு எழுத்தர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவார், இன்னொருவர் ஏ/பி (இன்னாரின் மகள்) என்பதையும் சேர்த்துப் போடுவார், மூன்றாமவர் முழுப் பெயரையும் முதல் பெட்டியிலேயே திணிப்பார். லெட்சுமி, லட்சுமி, லெச்சுமி என்று எழுத்துக்கூட்டலும் மாறும். விளைவு, ஒரே அம்மாவுக்கு மூன்று பதிவு. பென்சிலின் ஒவ்வாது என்ற எச்சரிக்கை ஒன்றில் இருக்கும், மற்ற இரண்டில் இருக்காது. அவசரப் பிரிவில் எந்தப் பதிவு திறக்கும் என்பது அதிர்ஷ்டம்.

இதைவிட ஆபத்து, இருவர் பதிவு ஒன்றாவது. முனியம்மா ஏ/பி ராமசாமி என்ற பெயரில் வட மாநிலங்களில் எத்தனை பாட்டிமார் இருப்பார்கள்! பெயரை மட்டும் வைத்துப் பதிவுகளை இணைக்கவே கூடாது. குறைந்தது இரண்டு அடையாளம் பொருந்த வேண்டும், சந்தேகம் வந்தால் மனிதர் ஒருவர் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

ஐசி இல்லாதவர்களை நினைத்துப் பாருங்கள். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதால் குடியுரிமை ஆவணம் இல்லாமல் தவிக்கும் இந்தியர்கள் இன்றும் நம் மத்தியில் இருக்கிறார்கள். ஐசி எண் இல்லாமல் அடுத்த பக்கம் போகாது என்று மென்பொருள் பிடிவாதம் பிடித்தால், முகப்பிலிருப்பவர் பன்னிரண்டு பூஜ்யம் தட்டுவார். அப்புறம் ஐசி இல்லாத எல்லாருடைய ரத்த வகையும் மருந்தும் ஒரே பதிவுக்குள் விழும். ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர்களை நம் படிவம் இன்னொரு முறை ஒதுக்குகிறது. "ஆவணம் இல்லை" என்று ஒரு தேர்வும், தற்காலிக எண்ணும் வைப்பது அரை நாள் வேலை.

செயற்கை நுண்ணறிவு கருவி வாங்கப் போகிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

எந்த மக்களின் தரவில் பழகியது, எதை முன்கணிக்கிறது, நம் மக்களிடம் சோதித்துப் பார்த்தீர்களா. இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு 2019இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று போதும். அமெரிக்காவில் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று தேர்ந்தெடுக்கும் ஒரு மென்பொருளை சியாட் ஓபர்மேயரும் அவர் குழுவினரும் ஆராய்ந்தார்கள். அது இனத்தைக் கேட்கவே இல்லை. நோயின் கடுமைக்குப் பதிலாக மருத்துவச் செலவைக் கணித்தது. கறுப்பினத்தவருக்கு மருத்துவ வசதி குறைவாகக் கிடைத்ததால் செலவும் குறைவு. ஆகவே ஒரே மதிப்பெண் பெற்ற வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் அதிக நோயோடு இருந்தார்கள். கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தகுதி பெறும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று கணக்கிட்டார்கள்.

இதை நம் வீட்டுக்குக் கொண்டு வந்து பாருங்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களிடையே நீரிழிவு 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. காசில்லாமல் சோதனையைத் தள்ளிப்போட்டவர், தோட்டத்திலிருந்து பேருந்து கிடைக்காமல் சந்திப்பைத் தவறவிட்டவர் எல்லாரும் தரவில் "குறைந்த பயன்பாடு" என்றுதான் தெரிவார்கள். அதைப் படிக்கும் இயந்திரம் அவர்களுக்கு நோயில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். இனம் என்ற பத்தி தேவைப்படும் இடம் இதுதான்: கருவி இந்தியப் பெண்களிடம் எத்தனை முறை தவறுகிறது என்று தனியாக எண்ணிப் பார்க்க அது வேண்டும். நோய் கண்டறியும் மென்பொருள் என்றால் 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மருந்தளவுத் திரையில் பிழை கண்டேன். "அடுத்த வாரம் திறப்பு விழா, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் மேலாளர்.

தெராக்-25 பற்றிப் படித்திருக்கிறீர்களா? புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். 1985 முதல் 1987 வரை கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் இறந்தார்கள். பழைய மாதிரிகளில் இருந்த வன்பொருள் தடுப்புகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மென்பொருளிடம் விட்டிருந்தார்கள். இயக்குபவர் வேகமாகத் திருத்தம் தட்டினால் மட்டும் ஒரு பிழை தலைகாட்டியது. திரையில் புரியாத ஓர் எண்ணோடு பிழைச் செய்தி வரும். இயக்குபவர்கள் அதை அடிக்கடி பார்த்துப் பழகி, தொடரும் பொத்தானை அழுத்தினார்கள். புகார் போனபோது, இந்த இயந்திரத்தால் அப்படி நடக்கவே முடியாது என்று தயாரிப்பாளர் பதில் சொன்னார்.

நீங்கள் செய்ய வேண்டியது: பிழை எப்படி வருகிறது, எந்த மருந்தில், யாருக்கு என்ன ஆகலாம் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். மேலாளருக்கு மட்டும் அனுப்பாமல் மருத்துவ இயக்குநருக்கும் மருந்தகத் தலைவருக்கும் அனுப்புங்கள். மில்லிகிராம் என்று வர வேண்டியது மைக்ரோகிராம் என்று வருகிறது என்றால் மருந்தாளர் ஒரு நொடியில் புரிந்துகொள்வார். அவர் குரல் உங்களுடையதைவிட அங்கே எடுபடும். உள்ளே எல்லாக் கதவும் மூடியிருந்தால் அமலாக்க அமைப்புகளிடம் தகவல் கொடுப்பவருக்கு 2010ஆம் ஆண்டின் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முகநூலில் எழுதுவதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, நோயாளி விவரமும் சேர்ந்து வெளியே போகும். முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

தரவு கசிந்ததோ என்று சந்தேகம். உறுதியாகத் தெரியும்வரை காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. 1,60,000 பேரின் மருந்து விவரமும் போனது, அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் அதில் ஒருவர். விசாரணைக் குழு கண்டறிந்தவற்றுள் முக்கியமானது, சந்தேகத்துக்கிடமான அறிகுறிகளை ஊழியர்கள் முன்பே பார்த்திருந்தும் மேலே சொல்வதில் தாமதம் ஏற்பட்டது என்பது. கணினி அமைப்பைக் கவனித்த நிறுவனத்துக்கு 7,50,000 சிங்கப்பூர் வெள்ளியும், சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும் அபராதம் விழுந்தது.

இப்போது நம் நாட்டுச் சட்டத்தின்கீழ் வரும் நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும்; பெருந்தீங்கு நேரக்கூடும் என்றால் ஆணையருக்கு அறிவித்த 7 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும். நீங்கள் தயங்கும் ஒவ்வொரு மணியும் அந்த 72இல் போகிறது. தலைவர்களுக்கு ஒரு வார்த்தை: தவறான எச்சரிக்கை கொடுத்த பையனைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை உண்மையான எச்சரிக்கையும் வராது.

சம்மதப் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. கையெழுத்து வாங்கிவிட்டால் சம்மதம்தானே?

படிக்க முடியாத தாளில் போட்ட கையெழுத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பாட்டிக்குத் தமிழில் வாய்விட்டுச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும்: "உங்க ரத்தப் பரிசோதனை விவரத்தை ஆராய்ச்சிக்குக் கேட்கிறாங்க. பேர் போகாது. வேண்டாம்னாலும் உங்க வைத்தியம் அப்படியேதான் நடக்கும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், மறுத்தால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயந்துதான் பலர் தலையாட்டுகிறார்கள். மொழிபெயர்க்கப் பேரனைக் கூப்பிடுவதும் நல்ல வழியல்ல, பேரன் முன்னால் பாட்டி எல்லாவற்றையும் சொல்ல மாட்டார். அமைப்பில் "எந்த மொழியில் விளக்கப்பட்டது, விளக்கியவர் யார்" என்று இரண்டு பத்தி சேர்த்துவிட்டால், விளக்கப்பட்டதா என்ற கேள்வியாவது ஒவ்வொரு முறையும் எழும்.

என் தொழிலாளிக்கு என்ன நோய் என்று பேனல் கிளினிக்கிடம் (நிறுவனம் தன் ஊழியர்களுக்கென ஏற்பாடு செய்த கிளினிக்) முதலாளி கேட்கிறார். அனுப்பலாமா?

நோயாளியின் சம்மதம் இல்லாமல் கூடாது. வேலைக்குத் தகுதியா, எத்தனை நாள் ஓய்வு என்பது முதலாளிக்குப் போதும். பில்லில் மருந்தின் பெயர் வந்தாலே நோய் தெரிந்துவிடும், ஆகவே முதலாளிக்குப் போகும் கணக்கு அறிக்கையில் மருந்துப் பத்தியை மறைக்கும் வசதியைக் கேட்டு வாங்குங்கள்.

என் அம்மாவுக்குத் தன் பதிவைப் பார்க்க உரிமை உண்டா?

தனியார் மருத்துவமனை என்றால், கோப்பு மருத்துவமனையின் உடைமை. ஆனால் அதிலுள்ள தன் தகவலை அம்மா எழுத்தில் கேட்டால், சிறு கட்டணத்துக்கு, 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். பிழை இருந்தால் திருத்தவும் கேட்கலாம். அரசாங்க மருத்துவமனையில் பதிவுப் பிரிவுக்குப் போய் மருத்துவ அறிக்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஐசியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், அம்மாவுக்குப் பதிலாக நீங்கள் போவதென்றால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும்.